மூங்கிலுக்கு இரும்பு பிளேடு

மூங்கிலை ஜிக்சா மிஷினில் வெட்டுவதாக இருந்தால் மர பிளேடு போடக்கூடாது. இரும்புத் தகடு வெட்டுவதற்கென்று கடையில் விற்கிற, பல் பொடியாக உள்ள பிளேடுதான் போட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குள் நானே கண்டுபிடித்தது. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நாளில் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை, அதனால்தான்.

எண்பதுகளின் நடுவில் கூமாப்பட்டியிலிருந்து கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தேன். வீட்டில் மூன்றே பேர்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன். என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. ஷிப்டு மாறி மாறி வரும். அந்த அண்ணன், அதாவது எனக்கு மூத்தார், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் மனைவி நான் வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மூத்தாருக்கு முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்கக்கூடாது, நேருக்கு நேர் பேசவும் கூடாது. சோற்றை எடுத்து வைத்துவிட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டுவேன். அவர் வந்து உட்காருவதற்குள் நான் அடுக்களைக்குள் போய்விட வேண்டும். அவசியமாக ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால், மற்ற வீடுகளில் குழந்தையிடம் சொல்வது போலச் சொல்வார்கள். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. அதனால் நான் சுவரிடம் சொல்வேன். "மண்ணெண்ணெய் தீந்து போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னால் சாயங்காலம் டின் நிறைந்திருக்கும். அவருக்கு வருஷக்கணக்காகச் சமைத்துப் போட்டிருக்கிறேன். முகத்தை முழுசாகப் பார்த்தது கிடையாது.

ஜிக்சா மிஷின், பிளேடு மேலும் கீழும் ஆடி அறுக்கிற அந்தக் கரண்ட் ரம்பம், அவருடையது. வடக்கே எங்கேயோ கேம்பில் இருந்தபோது வாங்கியது. அசாம் பக்கம் மூங்கில் சாமான்களைப் பார்த்து அவருக்கு ஒரு ஆசை வந்திருந்தது. சொம்பு பருமனுள்ள மூங்கிலைக் கணுவுக்குக் கணு துண்டு போட்டு, அதன் உடம்பில் மாங்காய் மாங்காயாகத் துளை வெட்டி, உள்ளே பல்பு மாட்டினால் விளக்குக் கூடு. சுவரில் மாங்காய் வெளிச்சமாக விழும். வரவேற்பறைக்கும் லாட்ஜுக்கும் நன்றாகப் போகும் என்று கணக்குப் போட்டார். கேரளாவிலிருந்து லாரியில் மூங்கில் இறக்கி, பின்பக்கம் கொட்டகை போட்டார்.

யோசனையில் ஒரு குறையும் இல்லை. வெட்டத்தான் வரவில்லை. மிஷினோடு வந்த பெட்டியில் பல தினுசு பிளேடு இருந்தது. அவர் பெரிய பல் வைத்த மர பிளேடைத்தான் எடுப்பார். பட்டாளத்தில் பலகைப் பெட்டிகளை அதில்தான் வெட்டிப் பழக்கமாம். "மூங்கிலும் மரந்தானலே" என்பார் தம்பியிடம். அந்தப் பல் மேல்நோக்கிக் கடித்து இழுக்கும். மூங்கில் தோலோ நார் நாராக ஓடுவது. ஒவ்வொரு இழுப்புக்கும் தோல் சிலாம்பு சிலாம்பாகக் கிளம்பி நிற்கும். உப்புத்தாளும் மெழுகும் வைத்துத் தேய்த்தால் பகலில் குறை தெரியாது. விளக்கைப் போட்டால் மானம் போய்விடும். சுவரில் விழுகிற மாங்காய்க்குச் சுற்றிலும் மயிர் முளைத்திருக்கும். அப்படிச் செய்த கூடுகளைச் சொந்தக்காரர்கள் தலையில் ஒவ்வொன்றாகக் கட்டினார். பால் காய்ச்சுகிற வீடு எது, காதுகுத்து வீடு எது என்று தேடித் தேடிக் கொடுத்தார்.

என் வேலை வார்னிஷ் அடிப்பது. அவர் வெட்டி வைத்துவிட்டு வெளியே போனபிறகு கொட்டகைக்குள் போவேன். ஒருநாள் அவர் அய்யனார் கோவிலுக்குக் குளிக்கப் போயிருந்தார். அருவியில் தண்ணீர் விழுகிற காலம். போனால் மத்தியானத்துக்கு முன்னால் வரமாட்டார். என் வீட்டுக்காரர் காலை ஷிப்டு. கழிவுத் துண்டு ஒன்று கிடந்தது. பெட்டியைத் திறந்து பிளேடுகளை ஒவ்வொன்றாக நகத்தில் இழுத்துப் பார்த்தேன். சிலது நகத்தைப் பிறாண்டியது. ஒன்று மட்டும் பல் இருப்பதே தெரியாமல் கிர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு அது இரும்பு பிளேடு என்றெல்லாம் அப்போது தெரியாது; பெட்டி மூடியில் இருந்த படத்தைப் பிறகு பார்த்துத்தான் தெரிந்தது. துணியைக் கிழிக்காமல் தைக்க மெல்லிய ஊசி எடுப்போம் இல்லையா, அந்தப் புத்திதான். மாட்டி வெட்டினேன்.

மெதுவாகத்தான் போனது. ஆனால் தோல் கிளம்பவில்லை. விளிம்பில் விரலை ஓட்டினால் முட்டையோட்டைத் தொடுகிற மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் இன்னொரு மாங்காயும் வெட்டிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். மர பிளேடு நீளமும் அதிகம்; மூங்கிலுக்குள் போய் எதிர்ப்பக்கச் சுவரில் இடித்து மிஷினையே துள்ளவைக்கும். இரும்பு பிளேடு குட்டை, இடிக்காது. அதிலும் முதுகு குறுகலானதாகப் பார்த்து எடுத்தால்தான் மாங்காயின் மூக்கு திரும்பும். வேகமாக ஓட்டினால் சூடேறி விளிம்பு கருகும். மத்தியானம் எங்கள் தெருவில் கரண்ட் அழுது வடியும். மிஷினும் மெதுவாக ஓடும். அந்த நேரம்தான் வெட்டு சுத்தமாக விழுந்தது. கோடு போட்ட இடத்தில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டி, அதன் மேலேயே வெட்டினால் ஒரு நார்கூட எழும்பாது. மூங்கில் தோல் பிளேடை லேசில் விடாது. நாலு கூடு வெட்டினால் பல் மழுங்கிவிடும். மழுங்கியதை வைத்துக்கொண்டு ஐந்தாவதை வெட்டலாம் என்று ஆசைப்பட்டால் அது பாழ்.

முதல் கூட்டை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீயா வெட்டுன?" என்று மூன்று தடவை கேட்டார். சாயங்காலம் மூத்தார் அதைக் கையில் எடுத்தார். நான் அடுக்களையில் இருந்தேன்.

"இது யாருலே வெட்டுனது?"

"நாந்தாண்ணே."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்குக் கோபம் வரவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அப்புறம் அதுவே முறையாகிப் போனது. மூத்தார் வெளியே போகிற நேரம் பார்த்து நான் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டுவேன். பேர் என் வீட்டுக்காரருக்கு. பிளேடு தீர்ந்தால் நான்தான் போய் வாங்குவேன். இரும்புக்கடைக்காரர் முதல்தடவை, "எதுக்கும்மா?" என்றார். மூங்கிலுக்கு என்றேன். மர பிளேடை எடுத்து நீட்டினார். இது வேண்டாம், இரும்பு வெட்டுறது கொடுங்கள் என்றேன். "ஒனக்கு வெவரம் தெரியாதும்மா. வீட்டுல ஆம்பளையை வரச் சொல்லு" என்றார். வீடுவரை வந்துவிட்டுத் திரும்பப் போய், "இரும்பு வெட்டத்தான் அண்ணாச்சி. அவிய வாங்கியாரச் சொன்னாவ" என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அதோடு எனக்கும் பொய் சொல்லப் பழகிவிட்டது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம் புதிதாகக் கட்டினார்கள். அதன் சொந்தக்காரர் ஒரு அம்மாள். கணவர் போனபிறகு தானே முன்னின்று எல்லாம் பார்க்கிறவர். நான் வெட்டிய இரண்டு கூடுகளை அண்ணனும் தம்பியும் மாதிரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அந்த அம்மாள் இருட்டு அறையில் மாட்டிப் பார்த்துவிட்டு, நாற்பது வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு ஓட்டமாக வந்தார். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு வாடகைக்கு இருக்கிறதாம், பக்கத்திலேயே கொட்டகை போட இடமாம். அந்த அம்மாள் தானாகவே சொன்னாராம். "இந்த நாப்பதும் ஒழுங்கா முடிஞ்சிட்டா அங்க போயிருவோம். நான் இங்கன மில்லுக்கு பஸ்ஸுல வந்துட்டுப் போறேன். ஒனக்குன்னு தனியா ஒரு மிஷின் வாங்கித் தாரேன். கதவைத் திறந்து போட்டுட்டு வெட்டு, எவன் கேக்கான்?"

எவன் கேக்கான் என்ற அந்தச் சொல்லுக்காக நான் நாற்பது என்ன, நானூறு வெட்டியிருப்பேன். நகை கேட்கவில்லை, பட்டுப்புடவை கேட்கவில்லை. பகலில் கதவைத் திறந்துவைத்து, நான் செய்கிற வேலையை நான் செய்வதாகச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஆனால் திருட்டுத்தனமாக எவ்வளவு வெட்ட முடியும்? மூத்தார் வாரத்தில் இரண்டு நாள்தான் வெளியே போவார். மூன்று வாரத்தில் ஆறு கூடுதான் தேறியது. முகூர்த்த மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மில்லில் ஆள் குறைவு என்று என் வீட்டுக்காரருக்கு இரட்டை ஷிப்டு வேறு. மூத்தாருக்குப் பொறுமை போய்விட்டது. "நீ ஆடி அசைஞ்சு வெட்டுறதுக்குள்ள மண்டபமே இடிஞ்சிரும். நானே உக்காருதேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டார். தம்பி தலையாட்டினார். எந்தப் பிளேடு போட வேண்டும் என்றாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதுகூடச் சொல்லவில்லை. இத்தனை நாளில் நான் எந்தப் பிளேடு போடுகிறேன் என்று அவர் கேட்டதே இல்லை, அதுதான் காரணம்.

மறுநாள் காலை கொட்டகையில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. இரும்பு பிளேடு சீறும்; மர பிளேடு கடகடவென்று கடிக்கும். அடுக்களையில் கை வேலை ஓடவில்லை. போய்க் கொட்டகைக் கதவுக்கு வெளியே, அவர் கண்ணில் படாதபடி நின்றேன். சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"அந்தப் பிளேடு மூங்கிலுக்கு ஆகாது. தோலை உரிச்சுப்புடும். பொடிப் பல்லு பிளேடு பெட்டிக்குள்ள கெடக்கு, அதைப் போட்டாத்தான் முதல்ல காட்டுன கூடு மாதிரியே வரும்."

மிஷின் நின்றது. அவர் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. பெட்டியைத் திறக்கிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். பிறகு அதே கடகடப்பு மறுபடி ஆரம்பித்தது.

அன்றைக்கும் அடுத்த நான்கு நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவருக்குச் சோறு பொங்கினேன். கூடெல்லாம் பாழாகிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மெழுகு வச்சுத் தேச்சா சரியாப் போயிரும்" என்றார். நான் தேய்த்தேன். வார்னிஷும் அடித்தேன். என் ஆறையும் சேர்த்து இருபத்தாறு கூடு ஆனதும் முதல் தவணையாகக் கொண்டுபோனார்கள். மூட்டை அதிகம் என்பதால், பிடித்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார்கள். மூத்தார் கண்ணில் படாமல் பின்னாலேயே நடந்தேன்.

மண்டபத்தில் எலெக்ட்ரீஷியன் வரிசையாக மாட்டி, ஜன்னல்களைச் சாத்தி, ஸ்விட்சைப் போட்டார். சுவர் முழுக்க மாங்காய். என் ஆறு மட்டும் கோடு கிழித்த மாதிரி நின்றது. மற்றதெல்லாம் மயிர் மயிராக, பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்த அம்மாள் எந்தக் கூட்டையும் கையில்கூட எடுக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தார்.

"மாதிரிக்குக் கொண்டாந்ததும், இந்த ஆறும் ஒரே கை. மத்தது வேற கை. நல்லா வெட்டுனது யாரு?"

மூத்தார் தம்பியைக் காட்டி, "இவன்தான். டூட்டி ஜாஸ்தின்னு நான் கொஞ்சம் கை குடுத்தேன்" என்றார். அந்த அம்மாளின் பார்வை தூணுக்குப் பக்கத்தில் நின்ற என்மேல் விழுந்தது. என் கை விரல்களில் பிளாஸ்திரிப் பசையின் கறுப்பு இருந்தது. அதைப் பார்த்தாரோ என்னவோ.

"நீ என்னம்மா செய்வ?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அவ வார்னிஷ் அடிப்பா."

எனக்கு அப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நான்தான் வெட்டினேன் என்று ஒரு வார்த்தை. அந்த அம்மாள் என்னைத்தான் கேட்டார். மூத்தார் நான்கு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்; அவருக்கு எதிரில் பேசிப் பழக்கமில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

அந்த அம்மாள் நல்லவர். "மூங்கில் இருக்கில்ல? பத்து நாள் பொறுக்கேன். லீவு போட்டுட்டு நீங்களே உக்காந்து வெட்டுங்க. இந்த ஆறு மாதிரி இருந்தா நாப்பதும் எடுத்துக்கிடுதேன். வீட்டையும் அதுவரைக்கும் யாருக்கும் விட மாட்டேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் சரி என்றார். வேறு என்ன சொல்வார்?

மறுநாள் மூத்தார் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது என் வீட்டுக்காரர் கொட்டகையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். லீவு போட்டிருந்தார். பெஞ்சின் மேல் பெட்டியிலிருந்த பிளேடு எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்தப் பிளேடு?"

வருஷக்கணக்காக அவர் பேரில் வெட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கேட்கிறார்.

"நான் வெட்டித் தாரேன்" என்றேன். "மிச்சம் முப்பத்தி நாலையும் நானே வெட்டித் தாரேன். ஆனா ஒளிஞ்சு மறைஞ்சு பத்து நாளுல முடியாது. ஒங்க அண்ணன் இருக்கும்போதும் நான் இங்கன உக்காரணும். அவியகிட்டப் போயி, இதை வெட்டுனது எம் பொண்டாட்டின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. மண்டபத்துல சொல்ல வேண்டாம். ஊருல சொல்ல வேண்டாம். அவிய ஒருத்தர்கிட்டச் சொன்னாப் போதும்."

"அவர் மூஞ்சி என்னாவும்னு யோசிச்சியா?"

"எம் மூஞ்சி என்னாச்சுன்னு நீங்க யோசிச்சீங்களா?"

அவர் பிளேடுகளைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டார். பார்ப்போம் என்று எழுந்து போனார். பார்த்தார், பார்த்தார், ஒன்பது நாள் பார்த்தார். அண்ணனோடு சேர்ந்து காபி குடித்தார், பேப்பர் படித்தார், பிளவக்கல் அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பேசினார். ஒவ்வொரு தடவை அவர்கள் இருவரும் பேசும்போதும் நான் அடுக்களையில் கையில் எடுத்ததை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். இதோ சொல்லப்போகிறார், இப்போது சொல்லிவிடுவார் என்று தோன்றும். பேச்சு மழைக்குப் போய்விடும். இடையில் இரண்டு நாள் கொட்டகையில் தானே ஏதோ வெட்டிப் பார்த்தார். குப்பையில் இரண்டு உடைந்த பிளேடு கிடந்தது.

பத்தாம் நாள் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார். மத்தியானம் திரும்பி வந்து, கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

"அந்த அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மிஷின் ரிப்பேராயிட்டு, ஆர்டரை வேற ஆளுகிட்டக் குடுத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

ரசத்தை வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். மூத்தார் கொட்டகைக்கு எதிரே வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல்முறையாக அவர் பார்க்கப் பார்க்க உள்ளே போனேன். கதவைச் சாத்தவில்லை. பொடிப் பல் பிளேடை மாட்டி, பிளாஸ்திரி ஒட்டி, ஸ்விட்சைப் போட்டேன். மிஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை. ஒரு துண்டில் நாலு மாங்காயையும் நிதானமாக வெட்டி முடித்தேன். என் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு வாசற்படியில் வந்து நின்றார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெட்டிய கூட்டைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, மிஷினை அணைத்துவிட்டு, மிச்சப் பாத்திரத்தைக் கழுவப் போனேன். சொல்லியாகிவிட்டது, இனிமேல் ஒளிய வேண்டாம் என்று ஒரு நிம்மதி இருந்தது.

மறுநாள் காலை கொட்டகைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. மூத்தார்தான் பூட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். அந்த மனிதரை மனதுக்குள் சொல்லாத வார்த்தை இல்லை. இரண்டு நாள் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் துவைப்பதற்காக என் வீட்டுக்காரருடைய மில் சட்டையை எடுத்தேன். அந்தப் புதுப் பூட்டின் சாவி அதன் பையில் இருந்தது.